இலையில் ஓட்டை இருக்கட்டும்

கறிவேப்பிலை பறிக்கப் போகும் கை தினமும் தொடாமல் விலகிப் போகும் இலை ஒன்று உண்டு. அதன் மேல் கருப்பும் வெள்ளையுமாக, ஈரம் காயாத பளபளப்போடு, மைனா இட்ட எச்சம் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். முகம் சுளித்து அடுத்த கொத்துக்குப் போய்விடுவோம். அந்த எச்சம் சாயங்காலம் இரண்டு விரற்கடை தள்ளியிருக்கும், இலையின் ஓரமும் கொஞ்சம் குறைந்திருக்கும். அது வண்ணத்துப்பூச்சியின் புழு. எந்தப் பறவையும் கொத்த நினைக்காத ஒரு பொருளின் தோற்றத்தைப் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில், எல்லோர் கண்ணெதிரிலும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள். இந்தக் குடும்பத்தை நம்பியே பிள்ளை வளர்க்கும் இரண்டு வண்ணத்துப்பூச்சிகள் தமிழ்நாட்டின் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் இருக்கின்றன: கறிவேப்பிலை அழகியும் எலுமிச்சை அழகியும். மொட்டைமாடித் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தாலும் தாய் தேடி வந்துவிடும். தளிரைக் காலால் தட்டிப் பார்த்து, செடி சரியானதுதான் என்று உறுதிசெய்த பிறகு, கடுகளவு முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். ஒன்றிரண்டு வாரங்களில் புழு பலமுறை தோலுரிக்கும். நான்காவது முறை உரித்ததும் எச்ச வேஷம் போய்விடும். பச்சைப் புழு வந்து நிற்கும், முன்னுடம்பில் கண் மாதிரி இரண்டு புள்ளிகளோடு. இப்போது அது எச்சம் என்று சொன்னால் பறவை நம்பாத அளவுக்குப் பெரிதாகிவிட்டது, அதனால் இலையின் நிறத்துக்குள் ஒளிகிறது. தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கிளையாகப் பிரிந்த சிவந்த கொம்பு ஒன்றை நீட்டும். கூடவே ஒரு காட்டமான வாடை வரும். இந்தக் கொம்பைப் படமெடுக்க வேண்டும் என்று புழுவைத் திரும்பத் திரும்பக் குச்சியால் சீண்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம். எறும்பு ஏறினாலே புழு கொம்பை நீட்டும். காத்திருந்தால் படம் கிடைக்கும், அந்தப் படத்தில் எறும்பும் இருக்கும்.

கூட்டுப்புழுவாக மாறும்போது இடுப்பில் ஒரே ஒரு பட்டுநூல் கச்சையைக் கட்டிக்கொண்டு குச்சியில் சாய்ந்து நிற்கிறது. பசுந்தண்டில் என்றால் பெரும்பாலும் பச்சை, காய்ந்த குச்சியிலோ சுவரிலோ என்றால் பழுப்பு. வெளிவரும் நேரம் நெருங்கினால் கூட்டின் தோல் கண்ணாடியாகி, உள்ளே மடித்து வைத்த சிறகின் புள்ளிகள் தெரியத் தொடங்கும். அடுத்த நாள் விடியலில் கேமராவோடு தயாராக இருக்கலாம். வெளியே வந்த பூச்சிக்குச் சிறகை விரித்துக் காயவைக்க நேரம் தேவை, அதுவரை பறக்காது. பிறந்த சிறகின் நிறத்தை இதைவிடத் தெளிவாக வேறெப்போதும் பார்க்க முடியாது. எல்லாக் கூட்டிலிருந்தும் வண்ணத்துப்பூச்சி வருவதில்லை. சில கூடுகளில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை விழுந்து, எறும்பைவிடச் சிறிய குளவிகள் வரிசையாக வெளியேறும். முதன்முறை பார்க்கிறவருக்கு நெஞ்சு கனக்கும். ஆனால் அந்தப் படத்தையும் எடுத்து வைக்க வேண்டும். அதுவும் அந்தச் செடியின் கதைதான்.

கறிவேப்பிலை அழகியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். ஆண்கள் எல்லாம் ஒரே மாதிரி: கருஞ்சிறகு, பின்சிறகில் வெள்ளைப் புள்ளிகளின் வரிசை. பெண்களில் சில ஆணைப் போலவே இருக்கும். வேறு சில பெண்கள் சிவப்புப் புள்ளியும் வெள்ளைத் திட்டுமாக, முற்றிலும் வேறொரு இனம் போலத் தோன்றும். அவை காப்பியடிப்பது ரோஜா அழகி முதலான செவ்வுடல் கொண்ட வண்ணத்துப்பூச்சிகளை. அந்த அசல் இனங்களின் புழுக்கள் ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி இலைகளைத் தின்று அந்தச் செடியின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்பவை. ஒருமுறை கொத்திய பறவை மறுமுறை நெருங்காது. நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகி, அந்தச் சிறகின் கோலத்தை மட்டும் போட்டுக்கொண்டு தப்புகிறது. உருவத்தில் இத்தனை வேறுபட்டாலும் இவையெல்லாம் ஒரே இனத்தின் பெண்களே என்று 1860-களில் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் விளக்கினார். எந்த மரபணு இந்த வேஷத்தைக் கட்டுகிறது என்பது 2014-இல்தான் தெளிந்தது. ஆணா பெண்ணா என்ற வளர்ச்சிப் பாதையைத் தீர்மானிப்பதில் பங்குள்ள ஒரு மரபணுவே இதையும் செய்கிறது என்று கண்டறிந்த குழுவை வழிநடத்தியவர்களில் ஒருவர் கிருஷ்ணமேக் குண்டே, இன்று பெங்களூருவின் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் இருப்பவர். நம் கொல்லைக்கு வருவது அசலா போலியா என்பதை ஒரு புகைப்படம் சொல்லிவிடும். சிறகைப் பார்க்காதீர்கள், உடம்பைப் பாருங்கள். அசலுக்கு உடல் சிவப்பு. போலிக்குக் கருப்பு. பறக்கும்போது கண்ணுக்குத் தப்பும் இந்த வித்தியாசம் படத்தைப் பெரிதாக்கினால் பளிச்சென்று தெரியும்.

வீட்டுத் தோட்டத்தில் கேமராவுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். கண் ஒரு நொடி பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது. படம் நம்மைத் திரும்பப் பார்க்க வைக்கிறது, திரும்பப் பார்க்கும்போதுதான் கேள்வி பிறக்கிறது.

வெளிச்சம், மூச்சு, பொறுமை

விலையுயர்ந்த கருவி வேண்டும் என்பது இந்த வேலையைத் தொடங்கவிடாமல் தடுக்கும் பெரிய பயம். கைப்பேசியில் மாட்டும் க்ளிப் மேக்ரோ லென்ஸ் ஒன்று போதும், ஆரம்பிக்கலாம். பொருளுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் அருகில் போனால்தான் அது வேலை செய்யும் என்பதால், பூச்சியை நெருங்கும் கலையை அந்த மலிவான லென்ஸ்தான் நன்றாகக் கற்றுத் தருகிறது. நம் நிழல் அதன் மேல் விழக்கூடாது. மேலிருந்து குனியாமல் பக்கவாட்டில், அதன் கண்மட்டத்துக்கு இறங்கி வர வேண்டும். சட்டென்று கை நீட்டினால் எல்லாம் முடிந்தது.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். பூச்சி சென்சாரில் அதன் உண்மையான அளவிலேயே பதியும் நெருக்கத்துக்குப் போனால், லென்ஸின் துளையை எஃப் 11 வரை சுருக்கினாலும் கூர்மையாக விழும் ஆழம் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நாம் மூச்சு விட்டாலே ஃபோகஸ் நழுவிவிடும். அதனால் அனுபவமுள்ளவர்கள் ஃபோகஸை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, கண் கூர்மையாகும் கணத்தில் அழுத்துகிறார்கள். கண் தெளிவாக இருந்தால் போதும், வால் மங்கினாலும் படம் உயிரோடு இருக்கும். துளையைச் சுருக்கியதால் குறைந்த வெளிச்சத்தை ஃப்ளாஷ்தான் ஈடுகட்ட வேண்டும். அந்த ஃப்ளாஷை அப்படியே அடித்தால் வண்டின் முதுகில் வெள்ளைப் பொட்டு விழும், நிறம் செத்துவிடும். குறுக்கே ட்ரேசிங் பேப்பரோ மெல்லிய வெள்ளைத் தெர்மாகோலோ வைத்தால் வெளிச்சம் பரவி இறங்கும். பழைய 50 மி.மீ. லென்ஸைத் தலைகீழாக மாட்டும் ரிவர்ஸ் ரிங் இருந்தால், மேக்ரோ லென்ஸ் வாங்கும் செலவில் மிகச் சிறு பங்கிலேயே வேலை நடக்கும்.

நேரம் எது என்பது கருவியைவிட முக்கியம். பூச்சிகள் தம் உடல்சூட்டுக்குப் பெரும்பாலும் வெயிலை நம்பியவை. விடியற்காலைக் குளிரில் அவற்றால் உடனே பறக்க முடியாது. தட்டான் பனித்துளி போர்த்தி உட்கார்ந்திருக்கும் அந்த அரைமணி நேரத்தை எந்த லென்ஸும் வாங்கித் தராது. நீலப்பட்டைத் தேனீக்களின் ஆண்கள் பொழுது சாயும்போது ஒரு காய்ந்த குச்சியைத் தேர்ந்தெடுத்து, தாடையால் அதைக் கவ்விப் பிடித்து, ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கியபடி உறங்கும். பெரும்பாலும் மறுநாளும் அதே குச்சிக்கு வரும். இடம் தெரிந்துவிட்டால் டார்ச் அடிக்காமல், விடியும்வரை பொறுத்திருந்து எடுங்கள்.

இதே தேனீயைப் பகலில் கத்தரிப் பூவில் கேட்க வேண்டும். ஆம், கேட்கத்தான் வேண்டும். கத்தரி, தக்காளிப் பூக்களின் மகரந்தப் பைகள் சாதாரணமாகக் கொட்டாது. கத்தரியில் பையின் நுனியில் சின்னத் துளைதான் இருக்கும். தேனீ பூவைக் கட்டிப்பிடித்து, சிறகை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிரவைக்கிறது. ரீங்காரத்தின் சுதி சட்டென்று ஏறும், மகரந்தம் பொடியாகக் கொட்டும். வீடுகளில் பெட்டி வைத்து வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. மரக்கட்டையில் துளைபோடும் கருவண்டுக்குத் தெரியும். கத்தரி காய்க்கவில்லை என்று உரக்கடைக்குப் போகும் முன், பூவுக்கு வருவது யார் என்று ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள்.

பூச்சி அசையாமல் இருக்க ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பது, பசை தடவி ஒட்டுவது, தையல்சிட்டின் கூடு தெரிவதற்காக மறைக்கும் இலையைக் கிள்ளுவது இவையெல்லாம் பழக்கத்தில் இருக்கின்றன, பரிசும் வாங்குகின்றன. கூட்டை மறைக்கும் அந்த ஓர் இலைதான் காக்கைக்கும் குஞ்சுக்கும் நடுவில் இருக்கும் சுவர். அப்படி எடுத்த படத்தில் எனக்குப் பார்க்க எதுவும் இல்லை.

குளவி கட்டிய வீடு

ஜன்னல் மூலையிலும் மின்பெட்டிக்குள்ளும் மண்ணால் சின்னக் குடம் போலக் கூடு கட்டும் குளவியை நம் வீடுகளில் சட்டென்று கலைப்பதில்லை. குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று பாட்டிமார் சொல்வார்கள். குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து அடைத்து, கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே குளவியாக்கிவிடும் என்ற நம்பிக்கையும் நம்மிடம் வெகுகாலமாக உண்டு. குருவை நினைத்து நினைத்துச் சீடன் குருவாகவே ஆகிறான் என்பதற்கு ஆன்மிகப் பெரியவர்கள் கையாண்ட உவமை இது. அந்த நம்பிக்கை பொய்யான பார்வையிலிருந்து பிறந்ததன்று. புழு உள்ளே போவதைப் பார்த்திருக்கிறார்கள், குளவி வெளியே வருவதையும் பார்த்திருக்கிறார்கள். நடுவில் சுவருக்குள் நடந்ததுதான் அவர்களுக்குத் தெரியாமல் போனது.

அந்த நடுப்பகுதியைத் தன் வீட்டுத் தோட்டத்திலேயே உட்கார்ந்து பார்த்தவர் பிரான்ஸின் ழான் ஹென்றி ஃபாப்ர். 1879-இல் செரீன்யான் என்ற ஊரில், உழவுக்கு ஆகாத கல்லும் முள்ளும் நிறைந்த ஒரு நிலத்தை வீட்டோடு வாங்கினார். அப்போது அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். நிலத்தைத் திருத்தவில்லை, முள்ளைத் தேடி வரும் குளவிகளுக்கும் தேனீக்களுக்கும் அப்படியே விட்டார். பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய பத்துத் தொகுதிகள் 1879 முதல் 1907 வரை வெளிவந்தன. குளவி கொட்டுவது புழுவைக் கொல்ல அல்ல, அசையாமல் மடக்கிப்போட என்பதை அவர் படிப்படியாக விவரித்தார். செத்த இரை அழுகிவிடும். உயிரோடு மரத்துப்போன இரை, முட்டை பொரிந்து குளவிக்குஞ்சு தின்று முடிக்கும்வரை கெடாது. குடம் கட்டும் குளவியின் கூட்டை ஓரமாகத் திறந்து பார்த்தபோது, முட்டை கூரையிலிருந்து ஒரு மெல்லிய நூலில் தொங்கிக்கொண்டிருப்பதைக் கண்டார். கீழே குவிந்திருக்கும் புழுக்கள் நெளிந்தால் முட்டை நசுங்கிவிடும், அதனால் அந்தத் தொங்கல். நம் ஜன்னல் மூலைக் கூட்டுக்கு உள்ளேயும் இந்தக் கட்டமைப்புதான்.

நம் வீட்டுக்குள்ளேயே இதைவிட வியப்பான காட்சி ஒன்று நடக்கும். உலோகப் பச்சையில் மின்னும், தொடை மட்டும் சிவந்த ஒரு குளவி கரப்பான்பூச்சியைத் தேடி அடுப்படிக்கும் குளியலறைக்கும் வரும். முதல் கொட்டில் முன்கால்களைத் தளரவைக்கும். இரண்டாவது கொட்டு நேராக மூளைக்கு. அதன் பிறகு கரப்பானால் நடக்க முடியும், ஆனால் தானாக நடக்கத் தொடங்க முடியாது. குளவி அதன் உணர்கொம்பைப் பிடித்து, மாட்டைக் கயிறு பிடித்து ஓட்டுவது போல, பொந்துக்கு நடத்திக்கொண்டு போகும். காலில் ஒரு முட்டை வைத்து, வாசலைச் சின்னக் கற்களால் மூடிவிடும். இது கண்ணில் பட்டால் விளக்குமாற்றைத் தேடாமல் கைப்பேசியில் வீடியோவைப் போடுங்கள்.

எட்டுக்கால் உயிர்களைச் சொல்லாமல் தோட்டம் நிறைவாகாது. மாமரத்திலும் கொய்யாவிலும் இலைகளை இழுத்துப் பிடித்து, தம் புழுக்களின் வாயிலிருந்து வரும் பட்டால் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புகளை எல்லோரும் அறிவோம். அந்த வரிசையில் ஓர் எறும்பு மட்டும் சற்றே தனித்து நடக்கும். படம் எடுத்துக் கால்களை எண்ணுங்கள். எட்டு இருந்தால் அது குதிக்கும் சிலந்தி. முன்னங்கால்களைத் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டு எறும்பாகத் திரிகிறது. முசுறைத் தின்னத் துணியும் எதிரிகள் குறைவு என்பதால் அந்த உருவமே அதற்குக் காவல். ஆண் சிலந்தியின் தாடைகள் நீண்டு பருத்து, ஓர் எறும்பு இன்னொன்றைத் தூக்கிப்போவது போலவே இருக்கும்.

ஒரு தோட்டம், முப்பது ஆண்டுகள்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஜெனிஃபர் ஓவன் என்ற உயிரியலாளர் 1972 முதல் 2001 வரை தன் சாதாரணப் புறநகர்த் தோட்டத்தில் கண்ட உயிர்களைப் பதிவு செய்தார். பூச்செடியும் காய்கறியும் புல்தரையும் உள்ள, அக்கம்பக்கத்துத் தோட்டங்களைப் போன்ற ஒன்றுதான். முப்பது ஆண்டு முடிவில் கணக்கு 2,673 இனங்கள். அதில் பெரும்பங்கு பூச்சிகள். தனி மனிதர் ஒருவர் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனதால் கிடைத்த எண் அது. வெப்பமண்டலத்தில், மழைக்காலமும் கோடையும் மாறிமாறி வரும் நம் ஊர்த் தோட்டங்களில் இப்படி ஒரு கணக்கை ஒருவர் எடுத்தால் என்ன கிடைக்கும் என்று நினைக்கும்போதே ஆசையாக இருக்கிறது.

காட்டு யானைகளைக் கருப்பு வெள்ளையில் அழியாத படங்களாக்கிய மா. கிருஷ்ணன், தன் கேமராவைத் தானே பாகங்களைச் சேர்த்து அமைத்துக்கொண்டவர், காக்கையையும் அணிலையும் வீட்டுப் பல்லியையும் அதே மதிப்போடுதான் எழுதினார். ‘தி ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950-இல் தொடங்கிய அவரது பத்தி 1996-இல் அவர் மறையும்வரை வந்தது. காட்டுக்குப் போனால்தான் இயற்கை என்ற எண்ணத்துக்கு எதிராக அத்தனை ஆண்டு எழுதிய தமிழர் நமக்கு முன்னோடியாக இருக்கிறார்.

படத்தை எடுத்த பிறகு தேதி, நேரம், செடியின் பெயர் மூன்றையும் சேர்த்து எழுதி வையுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் செயலியிலோ இந்தியப் பல்லுயிர் இணையத்தளத்திலோ ஏற்றினால், பெயர் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள், பதிவு ஆய்வாளர்களுக்கும் போய்ச் சேரும். பறவைகளுக்கு 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கக் கணக்கெடுப்பு நடக்கிறது, வீட்டு மாடியிலிருந்தே கலந்துகொள்ளலாம். இரவில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடியில் கட்டிப் பின்னால் விளக்கு வைத்தால் அந்துப்பூச்சிகள் வந்து உட்காரும். அவை வெளிச்சத்தை விரும்பி வருவதில்லை. வானம்தான் வெளிச்சமான பக்கம் என்று பழகிய உடல், விளக்கின் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டே சுற்றிச் சுற்றி மாட்டிக்கொள்கிறது என்று 2024-இல் வெளியான ஆய்வு அதிவேகக் கேமராவில் காட்டியது. எனவே படம் எடுத்து முடிந்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள். இந்தியாவில் வண்ணத்துப்பூச்சிகள் 1,300 இனங்களுக்கு மேல், அந்துப்பூச்சிகளோ 10,000-க்கு மேல். அவற்றில் பலவற்றின் புழு எந்தச் செடியைத் தின்கிறது என்பதே இன்னும் பதிவாகவில்லை. அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை, கொல்லைச் செடியில் கண்ட புழுவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் போதும்.

இத்தனைக்கும் முதல் தேவை, மருந்தடிக்காத செடி. இலையில் ஓட்டை விழுந்தால் உடனே தெளிப்பானைத் தூக்கும் பழக்கம் தோட்டத்தைக் காலிசெய்துவிடுகிறது. அசுவினி வந்தால் பின்னாலேயே பொறிவண்டு வரும். அசுவினியைக் கொன்றுவிட்டால் பொறிவண்டு வரக் காரணமே இல்லை. 2008-இல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சியை நினைவிருக்கலாம். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று மேற்கு மாவட்டங்களை வெளுக்க வைத்தது. எவ்வளவு மருந்தடித்தும் மெழுகுப் போர்வைக்குள் இருந்த பூச்சி சாகவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான ஓர் ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. வேளாண் பல்கலைக்கழகமும் ஆராய்ச்சி நிலையங்களும் அதைப் பெருக்கி வயல்களில் விட்டன. மருந்தடித்த வயலில் அந்தக் குளவியால் பிழைத்திருக்க முடியாது.

கூட்டிப் பெருக்குவதும் அப்படித்தான். பூஜைக்காக வளர்க்கும் நந்தியாவட்டைச் செடியின் அடியில் மிளகளவுக்குக் கரும்பச்சை உருண்டைகள் சிந்திக்கிடந்தால், நேர் மேலே பாருங்கள். விரல் பருமனுக்குப் பச்சைப் புழு ஒன்று இலைக்காம்போடு ஒட்டி நிற்கும், வாலில் ஒரு சின்னக் கொம்போடு. தொட்டால் தலையை உள்ளிழுத்து முதுகைப் புடைக்கும், அங்கே வெண்ணீலமாக இரண்டு பெரிய போலிக் கண்கள் விரியும். அரளியிலும் இதே புழு வரும். வளர்ந்து முடிந்ததும் பச்சை மங்கிப் பழுப்பேறி, ஒரு நாள் தண்டு வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். செடியிலிருந்து காணாமல் போனதும் காக்கை கொண்டுபோய்விட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது அடியில் கிடக்கும் சருகுக்குள்ளேதான் கூட்டுப்புழுவாகக் கிடக்கிறது. அந்தச் செடியின் கீழே மட்டும் சில வாரங்கள் சருகைக் கூட்டாமல் விட்டால், இளம்பச்சையும் இளஞ்சிவப்பும் பளிங்குக் கோடுகளாகக் கலந்த அந்துப்பூச்சி ஒன்று அங்கிருந்து வெளிவந்து, இருட்டும் நேரத்தில் அந்தரத்தில் நின்றபடி பூவில் தேன் குடிக்கும்.